கேளுங்கள், சொல்கிறேன்: பனிக்குப் பக்டீரியா, சீஸுக்குப் பூஞ்சணம்

கேள்வி: ஜனவரியில் பூப்பனி விழுந்து உருளைக்கிழங்குப் பாத்தி முழுக்கக் கருகிவிட்டது. பனியைத் தடுக்கிற பக்டீரியாவை அமெரிக்காவில் தெளிக்கிறார்கள் என்று மகன் போனில் காட்டினான். நமக்குக் கிடைக்குமா? ஆபத்து ஏதும் உண்டா?
– விவசாயி ஒருவர், கந்தப்பளை

பதில்: மகன் காட்டியது உண்மைதான் ஐயா, ஆனால் பழைய கதை. தெளித்துப் பார்த்தார்கள், அத்தோடு சரி.

மேகமும் காற்றும் இல்லாத இரவில் இலை தன் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும். அப்போதும் 0 பாகையைத் தொட்டவுடனே தண்ணீர் உறைந்துவிடாது. சுத்தமான நீர் இன்னும் சில பாகை இறங்கினாலும் நீராகவே நிற்கும். உறைவதற்கு அதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். இலையில் குடியிருக்கும் சூடோமோனாஸ் சிரிங்கே என்ற பக்டீரியா அதைக் கொடுக்கிறது. அதன் மேலுள்ள ஒரு புரதம் மைனஸ் 2 பாகை அளவிலேயே நீரைப் பனிக்கட்டியாக்கிவிடும். அது இலையின் கலங்களைக் கிழிக்கும். வெயில் ஏறும்போது இலை அவித்த கீரை போலத் துவண்டு, பின்னேரத்துக்குள் கறுத்துப்போவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கலிபோர்னியாவில் ஸ்டீவன் லிண்டோவின் ஆய்வுக்குழு அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவை வெட்டி நீக்கியது. பனிக்கு முன்பே இந்தக் கிருமியைத் தெளித்துவிட்டால் இலையில் இடத்தை அது பிடித்துக்கொள்ளும், பனி சேர்க்கிற கிருமிக்கு இடம் இருக்காது. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் மரபணு மாற்றத்தை எதிர்த்துவந்த ஜெரமி ரிஃப்கின் என்பவர் வழக்குப் போட, 1984இல் நீதிமன்றம் சோதனையை நிறுத்தியது. 1987 ஏப்ரலில்தான் அட்வான்ஸ்ட் ஜெனடிக் சயன்சஸ் என்ற கம்பெனியால் ஒரு ஸ்ட்ரோபெரித் தோட்டத்தில் தெளிக்க முடிந்தது. அமெரிக்க அரசின் அனுமதியோடு மரபணு மாற்றிய பக்டீரியாவைத் திறந்த வெளியில் விட்டது அதுவே முதல் தடவை. தெளித்தவருக்கு உச்சி முதல் பாதம் வரை மூடிய உடுப்பு; படமெடுக்க வந்த பத்திரிகைக்காரர்களோ சாதாரண உடுப்போடு பக்கத்தில் நின்றார்கள். அதற்கு முன்பே எதிர்ப்பாளர்கள் செடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

அந்தக் கம்பெனி அனுமதி வருமுன்பே தன் கட்டடக் கூரையில் வைத்திருந்த மரங்களுக்குள் கிருமியை ஏற்றிப் பார்த்து, அபராதமும் கட்டியது. என்னைக் கேட்டால், அந்தக் கிருமியைவிட இந்தக் கூரை வேலைதான் பயம்.

சோதனையில் பனிச் சேதம் குறைந்தது. ஆனாலும் எதிர்ப்பும் அனுமதிச் செலவும் சேர்ந்து அதைக் கடைக்கு வரவிடவில்லை. இன்னொரு கேள்வியும் அப்போது எழுந்தது. இதே கிருமி காற்றில் மேலேறி மேகத்திலும் பனித்துகள் உண்டாக உதவுகிறது. அதன் இடத்தை மாற்றுக் கிருமி பிடித்தால் மழை என்னவாகும்? மகாவலியும் களனியும் பிறக்கிற மலையில் உட்கார்ந்துகொண்டு இதைச் சிரித்துத் தள்ள எனக்கு மனமில்லை.

இங்கே கொண்டுவர நினைத்தால் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. உயிருள்ள கிருமியை அனுமதியின்றி இறக்க முடியாது. உயிருள்ள மரபணு மாற்றிய உயிரிகள் பற்றிய கார்ட்டஹீனா உடன்படிக்கையிலும் நம் நாடு 2004இல் சேர்ந்திருக்கிறது. இப்போதைக்கு, வெயில் படுமுன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: சீஸ் பெட்டியில் 'நுண்ணுயிர் ரெனட்' என்று போட்டிருக்கிறது. நாங்கள் சைவம். பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா? கிருமி வயிற்றுக்குள் போகுமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: கொடுக்கலாம் அம்மா. பாலைத் திரைக்கிற ரெனட்டை முன்பு கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்தார்கள். உங்கள் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் ஒருவகைப் பூஞ்சணத்திலிருந்து எடுத்த நொதியம். வேறொரு வகையும் உண்டு. கன்றின் மரபணுவைக் கிருமிக்குள் வைத்து, கன்றைத் தொடாமலே அதே நொதியத்தைச் செய்விக்கிறார்கள். அமெரிக்கா 1990இல் இதை உணவுக்கு அனுமதித்தது. எப்படிச் செய்தாலும் நொதியத்தைச் சுத்திகரித்துத்தான் எடுக்கிறார்கள், கிருமி சீஸுக்குள் வருவதில்லை.

அதற்காகக் கண்ணை மூடிக்கொள்ளவும் வேண்டாம். 1989இல் அமெரிக்காவில், கிருமியைக் கொண்டு செய்த டிரிப்டோபான் என்ற சத்து மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் 1,500 பேருக்கு மேல் நோயுற்றார்கள், 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அதைச் செய்த ஜப்பானியக் கம்பெனி மரபணு மாற்றிய புதுக் கிருமியைப் புகுத்தியதோடு, கரித்தூள் வடிகட்டலையும் குறைத்திருந்தது. இரண்டில் எது காரணம் என்று பிரித்துச் சொல்ல முடியாமலே போனது. ஆகவே கிருமியின் பெயரை மட்டும் கேட்டால் போதாது, எப்படிச் சுத்தம் செய்தீர்கள் என்றும் கேட்க ஒருவர் வேண்டும்.

இலங்கையில் 2006இல் வந்த உணவு ஒழுங்குவிதிகளின்படி, மரபணு மாற்றிய உணவை இறக்கவும் விற்கவும் பிரதம உணவு அதிகாரியின் அனுமதி வேண்டும். லேபிளிலும் சொல்ல வேண்டும். அந்த லேபிளில் தமிழைத் தேட பூதக்கண்ணாடி வேண்டியிருப்பது வேறு கதை.

கேள்வி: வீட்டில் தோய்க்கிற தயிரும் இந்த வகையா?
– மாணவி, பண்டாரவளை

பதில்: இல்லை மகள். அம்மாவின் உறைமோரில் யாரும் கத்தி வைக்கவில்லை.

கேள்வி: லயத்துக்கு ஒருவர் வந்து, 'நல்ல கிருமி' என்று பெயரில்லாத போத்தலில் உரம் விற்றார். மரபணு மாற்றியதாக இருக்குமோ?
– தோட்டத் தொழிலாளி, தலவாக்கலை

பதில்: அந்தப் பயம் இரண்டாவது தம்பி. உள்ளே என்ன கிருமி என்று எழுதாததுதான் முதல் பயம். மரபணுவைத் தொடாத சாதாரணக் கிருமியே நாசம் செய்யும். 2021இல் சீனாவிலிருந்து ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் சேதன உரத்தோடு வந்தது ஞாபகமிருக்கும். மாதிரியில் தீங்கான பக்டீரியா இருப்பதாகத் தாவரத் தொற்றுத்தடுப்புப் பிரிவு சொன்னதால் அதை இறக்க விடவில்லை. சண்டை பெரிதாகி, கடைசியில் நாடு அந்தச் சீனக் கம்பெனிக்கு 60 இலட்சம் டொலருக்கு மேல் கட்டியது. கப்பலையே மறித்தவர்களுக்கு லயத்து வாசலில் நிற்கும் ஒரு போத்தல் தெரியாது. மரக்கறிப் பாத்தியில் ஊற்ற வேண்டாம், ஓடையிலும் கொட்ட வேண்டாம். மூடியைத் திறக்காமல் கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். விற்றவர் மறுபடி வந்தால் பதிவு இலக்கத்தைக் கேளுங்கள்.