வேதாகமக் கேள்வி - பதில்: அழுகின வார்த்தை

கேள்வி: நான் கெட்ட வார்த்தை பேசுகிறவள் அல்ல. ஆனால் ஞாயிறு காலை ஆலயத்துக்குக் கிளம்புவதற்குள் பத்து வயது மகனை, "நீ ஒண்ணுக்கும் உதவ மாட்டே" என்று திட்டிவிடுகிறேன். அரை மணி நேரத்தில் அவன் பக்கத்திலேயே நின்று பாட்டும் பாடுகிறேன். மனசு உறுத்துகிறது. நேரத்துக்குக் கிளம்பச் சொல்வது தவறா?
- ஒரு சகோதரி, பாளையங்கோட்டை

பதில்: கிளம்பச் சொன்னது நியாயம், சகோதரி. சொன்ன வார்த்தைதான் கெட்டது. "கெட்ட வார்த்தை ஒன்றும் உங்கள் வாயிலிருந்து புறப்படவேண்டாம்" (எபேசியர் 4:29) என்றதும் நமக்கு ஆபாசப் பேச்சுதான் ஞாபகம் வருகிறது. பவுல் எழுதிய கிரேக்கச் சொல் 'சாப்ரோஸ்'; அழுகினது என்று பொருள். மத்தேயு 13:48-இல் வலையிலிருந்து பொறுக்கி எறியப்படும் ஆகாத மீனுக்கும் அதே சொல்தான். கேட்கிறவனுக்குப் பிரயோஜனப்படாத வார்த்தை எல்லாமே இதில் அடங்கும்.

நியாயாதிபதிகள் 8-ஐயும் 12-ஐயும் சேர்த்து வாசியுங்கள். "யுத்தத்துக்கு எங்களை ஏன் கூப்பிடவில்லை?" என்று இஸ்ரவேலின் ஒரு கோத்திரத்தாரான எப்பிராயீமர், கிதியோன் (8), யெப்தா (12) என்ற இரண்டு தலைவர்களிடம் சண்டைக்கு வருகிறார்கள். யெப்தா தன் பக்க நியாயத்தை எடுத்துச் சொன்னார்; முடிவில் 42,000 பேர் மாண்டார்கள். கிதியோனோ, ஓரேப், சேப் என்ற மீதியானிய அதிபதிகளைப் பிடித்தது எப்பிராயீமர்தானே என்பதைச் சொன்னார், கோபம் ஆறிற்று. அது முகஸ்துதி அல்ல, நடந்த உண்மை. நல்ல வார்த்தைக்கு இதுதான் அளவுகோல்.

வீட்டில் செய்ய வேண்டியது: ஆளை விட்டுவிட்டு வேலையைச் சொல்லுங்கள். "சோம்பேறி" வேண்டாம், "ஏழே காலுக்குள்ள குளிச்சிரு" போதும். "எப்பவும்", "ஒருநாளும்", "அப்படியே உங்கப்பா மாதிரி" ஆகிய மூன்றையும் நாவிலிருந்து எடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கோபத்தில் பாதி சனிக்கிழமை இரவு துணி தேய்க்காததால் வருவது. உடுப்பு, வேதாகமம், காணிக்கை மூன்றையும் இரவே எடுத்து வைத்துவிடுங்கள்.

சொல்லிவிட்டால், சொன்ன வார்த்தையையே எடுத்துச் சொல்லி மன்னிப்புக் கேளுங்கள்: "ஒண்ணுக்கும் உதவ மாட்டேன்னு அம்மா சொன்னது தப்பு." அதோடு "நீ லேட் பண்ணதாலதான்" என்று சேர்த்தீர்களோ, கேட்ட மன்னிப்பு அங்கேயே செத்துவிடும்.

கேள்வி: சூரியன் அஸ்தமிக்கும் முன் எரிச்சல் தணிய வேண்டுமே, கணவன் மனைவி சண்டையை அன்றிரவே பேசித் தீர்க்க வேண்டுமா?

பதில்: தணியச் சொன்னது எரிச்சலை (எபேசியர் 4:26). வழக்கை அன்றே முடிக்கச் சொல்லவில்லை. பசியிலும் தூக்கத்திலும் பேசினால் வார்த்தை தடிக்கும். "உன்மேல எனக்கு வெறுப்பு இல்ல, நாளைக்குக் காப்பி குடிச்சதும் பேசுவோம்" என்று நேரம் குறித்துவிட்டுப் படுங்கள். மறுநாள் தவறாமல் பேசுங்கள். அடி விழுகிற வீட்டுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அங்கே முதலில் பிள்ளைகளோடு பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட வேண்டும்.