மேசை ரம்பம் கேள்வி-பதில்: பிளேடு, காடி, ஃபென்ஸ் மூன்றும் ஒரே திசையில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, ஒரே நோயின் வெவ்வேறு அறிகுறிகள். அந்த நோயிலிருந்தே தொடங்குகிறேன். கீழே உள்ள எந்த வேலையைச் செய்தாலும் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.

தேக்குப் பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது ஓரம் கருகுகிறது. புதுப் பிளேடு போட்டும் சரியாகவில்லை. மெஷின் வாங்கி 2 வருடம்தான் ஆகிறது. (கோயம்புத்தூர் வாசகர்)

புதுப் பிளேடும் கருக்குகிறது என்றால், பிளேடு நிற்கும் திசையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மேசையில் மைட்டர் கேஜ் (பலகையைக் கோணத்தில் பிடித்துத் தள்ளும் கருவி) ஓடுகிற காடி இருக்கிறதல்லவா, அதற்குப் பிளேடு இணையாக நிற்க வேண்டும். ஃபென்ஸ் என்கிற வழிகாட்டிச் சட்டமும் அதே காடிக்கு இணையாக நிற்க வேண்டும். இதில் ஒன்று திரும்பியிருந்தாலும் பலகை பிளேடின் பின்பாதியில் உரசிக்கொண்டே போகும். உரசுகிற இடம் கருகும்.

சோதிப்பது எளிது. பிளேடை முழு உயரத்துக்கு ஏற்றி, ஒரு பல்லின் மீது மார்க்கர் பேனாவால் புள்ளி வையுங்கள். அந்தப் பல்லை முன்பக்கம் மேசை மட்டத்துக்குக் கொண்டுவந்து, காடியின் சுவரிலிருந்து பல்லின் நுனி வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு பிளேடைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளக்க வேண்டும். வெவ்வேறு பற்களை அளந்தால் பிளேடில் இருக்கும் சிறு நெளிவும் கணக்கில் சேர்ந்து உங்களைக் குழப்பிவிடும். டயல் கேஜ் வாங்கத் தேவையில்லை. காடியில் ஆட்டமில்லாமல் நகரும் ஒரு மரச்சட்டத்தின் பக்கவாட்டில் ஸ்க்ரூ ஒன்றை முடுக்கி, அதன் தலை முன்பக்கத்தில் பல்லை மெல்லத் தொடும்படி வையுங்கள். சட்டத்தைப் பின்னால் நகர்த்தும்போது இடைவெளி விழுந்தால் அதை ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகளின் தொகுப்பு) அளக்கலாம். வித்தியாசம் 0.1 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கை வைக்காமல் விட்டுவிடுங்கள்.

அதற்கு மேல் இருந்தால், சிறிய ரம்பங்களில் மேசைக்கு அடியில் பிளேடுத் தாங்கியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்த வேண்டும். மூன்றை நன்றாகத் தளர்த்துங்கள். நான்காவதைப் பாதி இறுக்கத்தில் விட்டால் அதுவே சுழலும் அச்சாகிவிடும். தாங்கியை மரச்சுத்தியால் மெல்லத் தட்டி நகர்த்துங்கள். கனமான கேபினட் வகை ரம்பத்தில் தாங்கி பெட்டியோடு பிணைந்திருக்கும். அங்கே மேசைப்பலகையைத்தான் நகர்த்த வேண்டும். இறுக்கும்போது அது மறுபடி நகரும் என்பதால், ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்கிய பிறகு அளந்து பாருங்கள். முதல் முறை எனக்கு ஒரு முழு மாலை ஆனது. இப்போது அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது.

பிளேடு சரியான பிறகுதான் ஃபென்ஸ். அதன் பின்முனை பிளேடை நோக்கி ஒரு மயிரிழைகூடச் சாயக்கூடாது. நான் பின்முனையை 0.1 மில்லிமீட்டர் அளவுக்கு விலக்கியே வைக்கிறேன். முழு இணையாகவே வைப்பவர்களும் உண்டு, அதுவும் சரிதான்.

பிளேடின் பின்னால் நிற்கும் தகடு வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று எங்கள் ஊர் ஆசாரி கழற்றிவிட்டார். அது இல்லாமல் ஓட்டலாமா? (திண்டுக்கல்)

கூடாது. இன்றே திரும்ப மாட்டுங்கள்.

பிளேடின் முன்பற்கள் கீழே இறங்குகின்றன. பலகையை மேசையோடு அழுத்துகின்றன. பின்பற்கள் மேலே ஏறுகின்றன. அறுத்த வாய் மூடிக்கொண்டாலோ பலகை சற்றுத் திரும்பினாலோ, அந்தப் பின்பற்கள் பலகையைக் கவ்வித் தூக்கி உங்களை நோக்கி எறியும். 10 அங்குலப் பிளேடு நிமிடத்துக்கு 4000 சுற்றுச் சுற்றினால் பல்லின் வேகம் நொடிக்கு சுமார் 53 மீட்டர், அதாவது மணிக்கு 190 கிலோமீட்டர். எந்த வேகப்பந்து வீச்சாளரும் எட்டாத வேகம் அது. உங்கள் கை எதிர்வினை காட்டுவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். பலகையோடு சேர்த்துக் கையையும் அது பிளேடை நோக்கி இழுத்துப்போகும் என்பதுதான் இதில் மிகக் கொடுமை.

பல வருடங்களுக்கு முன் ஒரு வேப்பம் பலகையை அறுத்துக்கொண்டிருந்தேன். தகட்டைக் கழற்றி அலமாரியில் வைத்திருந்தேன். மரத்துக்குள் இருந்த இறுக்கம் விடுபட்டு, அறுத்த வாய் பிளேடைப் பற்றிக்கொண்டது. பலகை என் இடுப்பை உரசிக்கொண்டு பறந்து பின்னால் இருந்த கதவின் பலகையைப் பிளந்தது. நான் பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காமல் இடப்பக்கம் ஒதுங்கி நின்றதால் தப்பினேன். கொம்பு மரத்திலும் முறுகிய நார் உள்ள மரத்திலும் இது இன்னும் சுலபமாக நடக்கும்.

தகடு பிளேடின் உடலைவிடத் தடிமனாகவும், பல் அறுக்கும் அகலத்தைவிட மெல்லியதாகவும் இருக்க வேண்டும். பிளேடின் உடல் 2.2 மில்லிமீட்டர், அறுக்கும் அகலம் 3.2 மில்லிமீட்டர் என்றால் 2.5 மில்லிமீட்டர் தகடு பொருந்தும். மெல்லிய பிளேடுக்கு மாறும்போது பழைய தகடு வாயில் நுழையாமல் பலகை பாதியில் முட்டி நிற்கும். இடைஞ்சல் என்று கழற்றப்படும் தகடுகளில் பெரும்பாலானவை இந்தக் காரணத்தால்தான் கழற்றப்படுகின்றன. உங்கள் ஆசாரி மெல்லிய பிளேடு போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். தகட்டுக்கும் பிளேடுக்கும் இடையே 3 முதல் 8 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். பிளேடு ஏறி இறங்கும்போது தகடும் கூடவே ஏறி இறங்க வேண்டும்.

கல் அறுக்கும் 4 அங்குல கட்டரில் மரப் பிளேடு மாட்டி, ப்ளைவுட் மேசைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறேன். இதை எப்படி மேம்படுத்துவது? (சேலம்)

உங்கள் கைத்திறனை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கட்டரை மேசையிலிருந்து இறக்கிவிடுங்கள். அது நிமிடத்துக்கு 12,000 சுற்றுகளுக்கு மேல் ஓடும். மரப் பிளேடில் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தை அது தாண்டினால் கார்பைடு பல் பிய்த்துக்கொண்டு பறக்கும்.

மரத்துக்கென்றே வரும் 7 அங்குல வட்ட ரம்பத்தை வைத்து இதே மேசையைச் செய்யலாம். ஆனால் சுவிட்சைக் கயிற்றாலோ டேப்பாலோ கட்டி வைத்துவிட்டு, பிளக்கைச் சொருகி ஓட்டுகிற பழக்கம் வேண்டாம். மேசையின் முன்விளிம்பில், முழங்காலால் தள்ளினாலும் அணையும் பெரிய சிவப்புப் பொத்தான் உள்ள சுவிட்ச் வையுங்கள். மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் தானாக ஓடாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். மின்வெட்டின்போது நாம் பலகையைப் பிளேடிலேயே விட்டுவிட்டு எழுந்து போகிறவர்கள். மின்சாரம் எந்த நொடியில் திரும்பி வரும் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது பின்தகடு. உயரம் மாறாத மேசையில், பிளேடு வெளிவரும் கீறலை 10 சென்டிமீட்டர் பின்னால் நீட்டி, அதில் பொருத்தமான தடிமனில் எஃகுத் தகட்டை உறுதியாக நிறுத்தலாம். மேலே ஒரு தடித்த பாலிகார்பனேட் மூடியும் வேண்டும்.

பிளேடில் எத்தனை பல் இருந்தால் நல்லது? (திருச்சி)

10 அங்குலப் பிளேடில், நார் ஓடும் திசையில் நீளவாக்கில் அறுக்க 24 பல். குறுக்கே அறுக்கவும் ப்ளைவுட்டுக்கும் 60 முதல் 80. ஒரே பிளேடுதான் வாங்க முடியும் என்றால் 40. நீளவாக்கு வேலைக்கு 80 பல் பிளேடைப் போட்டால் தூள் வெளியேற இடமில்லாமல் சூடேறிக் கருகும். சன்மைக்கா ஒட்டிய பலகை நிறைய அறுப்பவர்கள், ஒரு பல் தட்டையாகவும் அடுத்த பல் முனைகள் சீவியதாகவும் மாறி மாறி வரும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

தேக்கில் சிலிக்கா இருப்பதால் எந்தப் பிளேடும் சீக்கிரம் மழுங்கும். ஆனால் மழுங்கியது என்று தூக்கிப் போடுவதற்கு முன் கழுவிப் பாருங்கள். பல்லின் பக்கவாட்டில் படியும் பிசின்தான் பாதி நேரம் குற்றவாளி. வெதுவெதுப்பான நீரில் சலவை சோடா கரைத்து, பிளேடைக் கால் மணி நேரம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும். காஸ்டிக் சோடா பக்கம் போகாதீர்கள். கழுவியதும் துடைத்து, உலர்த்தி, எண்ணெய் தடவி வையுங்கள்.

கடலோரத்தில் வீடு. வார்ப்பிரும்பு மேசை வாரத்துக்கு ஒருமுறை துருப்பிடிக்கிறது. (நாகப்பட்டினம்)

மண்ணெண்ணெய் நனைத்த 400 எண் உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்து எடுங்கள். எண்ணெய்ப் பசை போகத் துடைத்துவிட்டு மெழுகுப் பூச்சு கொடுங்கள். காருக்கு விற்கும் பாலிஷ் வேண்டாம். அதில் சிலிக்கோன் இருந்தால் மரத்தில் ஒட்டிக்கொண்டு, பிறகு அடிக்கிற வார்னிஷ் குழிகுழியாக விலகும். மெழுகு பூசிய மேசையில் பலகையும் வழுக்கிக்கொண்டு போகும் என்பது கூடுதல் லாபம். பிளாஸ்டிக் உறை அடியில் ஈரத்தைத் தேக்கிவைக்கும், பழைய பருத்திப் போர்வையே நல்லது. ஈரமான பலகையை மேசை மேல் அடுக்கிவைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். தேநீர் டம்ளருக்கும் வேறு இடம் பாருங்கள்.

குறுக்கே அறுக்க, காடியில் நகரும் பலகைத் தட்டான ஸ்லெட் செய்தேன். மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் 90 பாகை சரியாக இருக்கிறது. ஆனால் பெட்டி மூலைகள் கூடவில்லை. (தஞ்சாவூர்)

மூலைமட்டத்தின் கண்ணுக்கு எட்டாத பிழையை ஐந்து வெட்டு முறை காட்டிக்கொடுக்கும். இதை முதன்முதலில் செய்து பார்த்த அன்று எனக்கு உண்டான மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை.

சுமார் 40 சென்டிமீட்டர் சதுரமான எம்.டி.எஃப் துண்டு ஒன்றை எடுங்கள். ஸ்லெட்டில் வைத்து ஒரு பக்கத்தைச் சீவுங்கள். சீவிய பக்கத்தை ஸ்லெட்டின் ஃபென்ஸில் சாய்த்து அடுத்த பக்கம், அதைச் சாய்த்து அதற்கடுத்தது என்று ஒரே திசையில் சுற்றிக்கொண்டே நான்கு பக்கமும் சீவுங்கள். ஐந்தாவதாக, முதலில் சீவிய பக்கத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு ரீப்பரை அறுத்தெடுங்கள். ரீப்பரின் இரண்டு முனைகளையும் வெர்னியரால் அளக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் பிழை கூடிக்கொண்டே வந்து அங்கே நான்கு மடங்காகத் தெரியும்.

ஒரு முனை 10.9, மறுமுனை 10.5 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 0.4, நான்கால் வகுத்தால் 0.1. அதாவது 400 மில்லிமீட்டர் நீளத்தில் 0.1 மில்லிமீட்டர் கோணல். உங்கள் ஸ்லெட் ஃபென்ஸின் ஒரு முனையில் ஸ்க்ரூ அச்சாகவும், 600 மில்லிமீட்டர் தள்ளி மறுமுனை நகரக்கூடியதாகவும் இருந்தால் 0.15 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். அந்தத் தடிமனுள்ள ஃபீலர் கேஜை ஒரு நிறுத்துக்கட்டைக்கும் ஃபென்ஸுக்கும் இடையே வைத்து நகர்த்திவிட்டு மறுபடி ஐந்து வெட்டுப் போடுங்கள். தவறான பக்கம் நகர்த்தியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகி அதையும் சொல்லிவிடும்.

ஒரு எச்சரிக்கை: பிளேடு காடிக்கு இணையாக இல்லாத ரம்பத்தில் இந்த உழைப்பெல்லாம் வீண். முதல் கேள்விக்கான வேலையை முடித்துவிட்டு இதற்கு வாருங்கள்.

கிராமத்தில் மின்னழுத்தம் குறைவு. மோட்டார் முனகுகிறது, சீக்கிரம் சூடாகிறது. (விருத்தாசலம் அருகே)

2000 வாட் மோட்டார் 230 வோல்ட்டில் 9 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், கிளம்பும் நொடியில் பல மடங்கு. மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், 16 ஆம்பியர் சாக்கெட், சரியான எர்த் இவை மூன்றும் அவசியம். ஒயரைச் சுருளாக வைத்து ஓட்டினால் சுருளே சூடேறும். விரித்துவிடுங்கள். அழுத்தம் குறைந்த நேரத்தில் தடித்த பலகை அறுக்க வேண்டாம். பெல்ட் இல்லாத சிறிய ரம்பம் என்றால் கார்பன் பிரஷையும் கழற்றிப் பாருங்கள். 5, 6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்திருந்தால் இரண்டையும் ஜோடியாக மாற்ற வேண்டும்.

பாதுகாப்புக்குக் கையுறை போட்டுக்கொண்டு அறுக்கலாமா? (மதுரை)

ரம்பம் ஓடும்போது கையுறை வேண்டவே வேண்டாம். ஒரு நூல் பல்லில் மாட்டினால் கை முழுவதும் உள்ளே போகும். தோளில் துண்டு, தொங்கும் துப்பட்டா, வளையல், கைக்கயிறு எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். பிளேடு மாற்றும்போது மட்டும் கையுறை நல்லது. கை பிளேடிலிருந்து 15 சென்டிமீட்டருக்கு உள்ளே போக நேர்ந்தால் தள்ளுகட்டை எடுங்கள். முகத்துக்கு என்-95 முகக்கவசம் போடுங்கள். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதி செய்த விஷயம்.

விரல் பட்டதும் நின்றுவிடும் ரம்பம் வாங்கினால் இந்தக் கவலையெல்லாம் தீருமா? (சென்னை)

அமெரிக்காவில் ஸ்டீபன் காஸ் 1999இல் உருவாக்கிய நுட்பம் அது. சாஸ்டாப் என்ற பெயரில் 2004இல் விற்பனைக்கு வந்தது. பிளேடில் ஒரு சிறு மின்சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும். உடல் பட்டதும் அது மாறும். உடனே ஓர் அலுமினியக் கட்டை பற்களில் பாய்ந்து, 5 மில்லி விநாடிக்குள் பிளேடை நிறுத்திவிடும். அந்தக் கட்டையும் பெரும்பாலும் பிளேடும் அதோடு வீணாகும், ஆனால் விரல் மிஞ்சும். மிக ஈரமான மரமும், பிளேடில் படும் உலோகமும் அதைத் தவறாகத் தூண்டிவிடக்கூடும். பணம் இருந்தால் வாங்குங்கள் என்றே சொல்வேன். ஆனால் பலகை எகிறி வயிற்றில் அடிப்பதை அது தடுக்காது. பின்தகடு அதிலும் இருக்கிறது, அதிலும் கழற்றக்கூடாது.