தோட்டத்தில் உழைத்து மறைந்த அம்மாவுக்கு நினைவு மலர் எழுதுவது எப்படி?

நீங்கள் கேட்டது இது: அம்மா நுவரெலியா பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தவர். இறந்து எட்டு மாதமாகிறது. முதலாம் வருஷத் திதிக்கு மலர் ஒன்று போட நினைக்கிறீர்கள். எழுத உட்கார்ந்தால் அரைப் பக்கத்துக்கு மேல் போகவில்லை. அப்பா இருக்கிறார், ஆனால் அதிகம் பேசுகிறவர் இல்லை.

அரைப் பக்கத்தில் நின்றுபோவதற்குக் காரணம் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தெரிந்தது காம்பராவுக்குள் (லயம் என்ற வரிசை வீடுகளின் அறைக்குள்) இருந்த அம்மாவைத்தான். காலைப் பெரட்டிலிருந்து (வேலை பிரிக்க ஆட்கள் கூடுவது) பின்னேரக் கொழுந்து நிறுவை வரைக்கும் அவர் மலையில் இருந்தார். அந்தப் பொழுதைப் பார்த்தவர்கள் வேறு ஆட்கள். அவர்களிடம் போகாமல் எழுதினால் "பாசத்தின் இருப்பிடம், பண்பின் சிகரம்" என்றுதான் வரும். அந்த வரிகளில் பெயரை மாற்றினால் அடுத்த வீட்டு அம்மாவுக்கும் பொருந்தும். மலர் என்று வருகிறவற்றில் பாதிக்கு மேல் பிள்ளைகளின் படிப்பும் உத்தியோகமும்தான் இருக்கும். உங்கள் அம்மாவின் மலரில் பாதியாவது அவருடைய உழைப்பாக இருக்கட்டும்.

முதலில் அம்மாவோடு ஒன்றாக மலைக்குப் போன மூன்று நான்கு பேரைப் பிடியுங்கள். வயதானவர்களை முதலில் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, சமையல் முடிந்த நேரம் நல்லது. அவர்களிடம் சம்மதம் கேட்டுவிட்டே போனில் ஒலிப்பதிவை ஓடவிடுங்கள். "அம்மாவைப் பற்றிச் சொல்லுங்க" என்று கேட்டால் "தங்கமான மனுஷி" என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். கை பட்ட, கண் பட்ட பொருளைக் கேளுங்கள்: "சின்னம்மா, நீங்களும் அம்மாவும் எந்த மலையில பக்கத்துப் பக்கத்து நிரை புடிச்சீங்க?" "மழையில தலைக்கு என்ன போட்டுக்கிட்டாங்க, கம்பளியா, ரப்பர் சீட்டா?" "அட்டை கடிக்காம காலுக்கு என்ன பூசுவாங்க?" "பத்து மணித் தேத்தண்ணிக்கு ரொட்டியோட என்ன கொண்டாருவாங்க?" "கைப்பிள்ளைய புள்ளை மடுவத்துல விட்டுட்டு பால் குடுக்க எப்ப வருவாங்க, கங்காணி விடுவாரா?" ஒரு கேள்விக்கு மறுமொழி வந்தபின் உடனே அடுத்ததைக் கேட்காதீர்கள். கொஞ்சம் சும்மா இருந்தால் அவர்களே தொடர்வார்கள். நல்ல செய்தி பெரும்பாலும் அப்போதுதான் வரும்.

வேலையைப் பற்றி எழுதும்போது தோட்டத்துச் சொல்லை மாற்றாதீர்கள். பெரட்டு, கணக்கப்பிள்ளை, படங்கு (இடுப்பில் கட்டும் சாக்கு), கவ்வாத்து (செடி வெட்டுதல்), அரைப்பேர் (அரைநாள் சம்பளம்), கைக்காசு, இஸ்தோப்பு (வீட்டு முன்விறாந்தை) எல்லாம் அப்படியே வரட்டும். கொழும்பில் வளரும் பேரப்பிள்ளைக்குப் புரியாது என்று பயந்தால் கடைசிப் பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் போடலாம். "தேயிலைத் தொழிலாளியாகப் பணியாற்றினார்" என்ற ஒரு வரியில் கூடைக் கயிறு உச்சந்தலையில் அழுந்தி முடி மெலிந்துபோனதும், சாயம் ஏறி நுனி கறுத்து வெடித்த விரல்களும், ஈரத்துக்கும் கூடைக்கும் கழித்த கிலோவும் காணாமல் போய்விடுகின்றன. அம்மாவின் கையை ஒரு முழுப் பத்தியாக எழுதுங்கள். எந்த விரலில் வெடிப்பு, இரவில் அதற்கு என்ன தடவினார், பிள்ளைக்குத் தலை வாரும்போது அந்தக் கை எப்படிச் சொரசொரத்தது என்று எழுத உங்களுக்குத்தான் முடியும்.

நிறையைச் சொல்லும்போது ஒரு கவனம். பழையவர்கள் றாத்தலில் சொல்வார்கள், பின்னால் வந்தவர்கள் கிலோவில். 40 றாத்தல் என்பது சுமார் 18 கிலோ. இரண்டையும் கலந்தால் அம்மா ஒரே நாளில் 40 கிலோ எடுத்ததாக அச்சாகிவிடும். சொன்ன அளவையிலேயே எழுதிவிடுங்கள். ஒரு நாள் பேருக்கு (முழு நாட்சம்பளத்துக்கு) எத்தனை கிலோ என்பதும் தோட்டத்துக்குத் தோட்டம், காலத்துக்குக் காலம் மாறியது. ஆகவே அந்தத் தோட்டத்து ஆளிடமே கேளுங்கள்.

அடுத்தது வருஷங்கள். இதில்தான் அதிகம் பிழை வரும். "எந்த வருஷம்?" என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. "எந்தத் துரை (தோட்ட மேலாளர்) இருந்த காலம்?", "மூத்தவன் நடந்துட்டானா?" என்று கேட்டால் தெரியும். அதைப் பொதுவான நடப்புகளோடு பொருத்துங்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் (தோட்டத்து மக்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்தது). 1973, 74இல் உணவுத் தட்டுப்பாடு. 1972க்கும் 1975க்கும் இடையில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போனது. 1977, 1983 கலவரங்கள். 1984இல் பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான நாட்சம்பளம். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. "கல்யாணம் பஞ்சத்துக்கு முந்தியா பிந்தியா?" என்ற ஒரு கேள்வி நாலு வருஷத் தடுமாற்றத்தைத் தீர்த்துவிடும். சமச் சம்பளம் வருமுன் அம்மா வேலைக்குப் போனவரென்றால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். நாள் முழுக்க மலையில் நின்றும் ஆண்களை விடக் குறைந்த நாட்கூலி வாங்கிய காலம் அவர் வாழ்வில் இருந்தது.

பிறந்த திகதிக்கு அடையாள அட்டையைப் பாருங்கள். பழைய ஒன்பது இலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருஷம், அடுத்த மூன்று வருஷத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 53571 என்று தொடங்கினால் 1953, 71ஆவது நாள். இதில் ஒரு சிக்கல்: இந்தக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். ஆகவே 71 என்பது மார்ச் 11. சாதாரண நாட்காட்டியில் எண்ணினால் மார்ச் 12 என்று ஒரு நாள் தவறும். கடைசி எழுத்தையும் கவனியுங்கள். வி (V) என்றால் வாக்குரிமை உண்டு. எக்ஸ் (X) என்றால் அட்டை எடுத்தபோது அது இல்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான குடும்பங்களின் கதை சில அட்டைகளில் அந்த ஓர் எழுத்தில் நிற்கிறது. 2003ஆம் வருஷச் சட்டத்தின் கீழ்தான் அம்மா இலங்கைக் குடியுரிமை பெற்றார் என்றால், முதன்முதலில் எந்தத் தேர்தலில் வாக்குப் போட்டார் என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். ஆனால் முழு எண்ணையோ அட்டையின் படத்தையோ மலரில் போட வேண்டாம்.

அட்டையில் உள்ள திகதியே சரியென்றும் இல்லை. பிறப்புப் பதிவு இல்லாமல் உத்தேச வயதில் அட்டை எடுத்தவர்கள் நிறைய. ஆகவே "பதிவின்படி" என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலைக்காலத்துக்கு ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) தாள்களும், வேலை முடிந்தபோது சேவைக்காலப் பணம் கொடுத்த கடிதமும் உதவும். 1983ஆம் வருஷச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம் என்பதுதான் கணக்கு. அதனால் அந்தக் கடிதத்தில் சேவை வருஷம் பெரும்பாலும் குறித்திருக்கும். ஆனால் அந்தத் தொடக்கம் பேர் பதிந்த நாளிலிருந்து மட்டும். பல பெண்பிள்ளைகள் பேர் பதியுமுன்பே தாயின் நிரையில் நின்று கொழுந்து எடுத்தார்கள். இரண்டையும் எழுதுங்கள்: பதிவில் எப்போது, மலையில் எப்போது.

பெயரும் தாளுக்குத் தாள் மாறும். பிறப்புப் பதிவில் ஒன்று, அட்டையில் ஒன்று, லயத்தில் கூப்பிட்டது இன்னொன்று. காரணம், வேறு மொழியில் காதால் கேட்டு எழுதிய எழுதுவினைஞர்கள். அட்டையில் இறுதிப் பெயராகக் கணவர் பெயர் இருக்கலாம். முதல் பக்கத்தில் கூப்பிட்ட பெயரைப் பெரிதாகப் போடுங்கள், பதிவுப் பெயரை அதற்குக் கீழே. தோட்டப் பெயருக்கும் இதுவே. ஆங்கிலப் பெயரோடு வாய்வழக்குப் பெயரையும், டிவிஷனையும், லய இலக்கத்தையும் எழுதினால்தான் பேரப்பிள்ளைகள் தேடிப் போக முடியும்.

சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன அக்கா, தம்பி அம்மாவுக்கு இருக்கிறார்களா? தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் படங்களையும் கடிதங்களையும் கொண்டுபோயிருப்பார்கள். கோத்தகிரி, கூடலூர் பக்கம் இருக்கும் உறவுகளுக்கு ஒரு வாட்ஸ்அப் அழைப்பு போடுங்கள். அம்மாவின் இளவயதுப் படம் அங்கேதான் கிடைக்கக்கூடும்.

அப்பாவிடம் பேனாவையும் தாளையும் கொடுத்து "எழுதுங்க" என்று சொல்லாதீர்கள். சுவரில் மோதியதுபோல் நின்றுவிடுவார். காய்கறித் தோட்டத்திலோ அடுப்படியிலோ ஏதாவது வேலை செய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் இருந்து கேளுங்கள். கல்யாணத்துக்கு என்ன நிறச் சீலை, யார் பேசி முடித்தது, முதல் தீபாவளிக்கு முற்பணம் எவ்வளவு, அதில் என்ன வாங்கினீர்கள்? அவர் பத்து வரி சொன்னால் அந்தப் பத்தையும் அவர் பேச்சுநடையிலேயே போடுங்கள். செந்தமிழாக்கினால் குரல் போய்விடும்.

கஷ்டமான விஷயங்களும் வரும்: இறந்துபோன பிள்ளை, வீட்டில் குடி, சங்கத் தகராறு. இறந்த பிள்ளையின் பெயரைக் கட்டாயம் சேருங்கள். பல மலர்களில் அந்தப் பிள்ளை விடுபட்டுப்போகிறது, தாய் அதை ஒருநாளும் மறந்திருக்கமாட்டார். மற்றவற்றை உயிரோடிருப்பவர்களிடம் வாசித்துக் காட்டிச் சம்மதம் வாங்கி, இரண்டு வரியில் எழுதுங்கள். நோயும் கடைசி நாட்களும் ஒரு பத்திக்கு மேல் வேண்டாம். கண்முன் நிற்பது அதுதான் என்பதால் கை தன்னால் அதையே எழுதும், அறுபது எழுபது வருஷ வாழ்க்கை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குள் சுருங்கிவிடும்.

அவர் சமையலில் ஒன்றை அளவோடு போடுங்கள். ரொட்டியோ கட்டச் சம்பலோ, கைப்பழக்கம் தெரிந்த மகள் செய்யும்போது ஒவ்வொரு பிடியையும் தராசில் வைத்துக் குறித்துக்கொள்ளலாம். "தேவையான அளவு உப்பு" என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை.

அச்சுக்கு ஏ5 அளவு போதும். நடுவில் பின் அடிக்கும் மலருக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும்: 16, 20, 24. 12 புள்ளி எழுத்தில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 180 சொல் பிடிக்கும். 24 பக்கத்தில் படங்கள் போக 2,500 சொல் தாராளம். அச்சகம் பாமினி என்ற பழைய முறை எழுத்துருவில் வேலை செய்தால், யூனிகோடில் கொடுத்ததை மாற்றும்போது மேற்கோள் குறிகளும் ஆங்கில எழுத்துகளும் வேறு தமிழ் எழுத்துகளாக மாறிவிடும். எனவே மாற்றியபின் வரும் பிடிஎஃப்பைத்தான் மெய்ப்புப் பார்க்க வேண்டும், நீங்கள் அனுப்பிய கோப்பை அல்ல. திகதிகளையும் பெயர்களையும் இருவர் தனித்தனியே பாருங்கள். திதி பெரும்பாலும் இறந்த ஆங்கிலத் திகதியிலேயே விழாது. ஐயரிடம் நாளைக் கேட்டு, அதற்கு மூன்று வாரம் முன்னதாக அச்சகத்தில் கொடுத்துவிடுங்கள்.

படங்களுக்கு மலையகத்து ஈரம்தான் எதிரி. சட்டத்துக்குள் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். அல்லது பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து, பிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். 3.5 சென்ரிமீற்றர் அகலப் படத்தை 14 சென்ரிமீற்றருக்குப் பெருக்க 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள், அப்போதுதான் அச்சில் 300 கிடைக்கும். வேலை முடிந்தபின் மூலப்படங்களை இறுகக் கட்டிய பொலித்தீன் பைக்குள் வைக்காதீர்கள். உள்ளே வேர்த்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். காகித உறையில் போட்டு, அடுப்புச் சுவருக்கும் வெளிச்சுவருக்கும் தள்ளி வையுங்கள்.

பிரதிகளில் ஒன்றை 'நூலகம்' என்ற இணைய ஆவணகத்துக்குக் கொடுங்கள், நினைவு வெளியீடுகளையும் அவர்கள் எண்ணிமமாக்கி வைக்கிறார்கள். அம்மாவோடு நிரை பிடித்தவர்களில் வாசிக்கத் தெரியாதவர்கள் இருப்பார்கள். பேரப்பிள்ளை ஒருவரைக்கொண்டு மலர் முழுவதையும் சத்தமாக வாசித்துப் பதிந்து அவர்கள் வீட்டுப் போனுக்கு அனுப்புங்கள். பிழை இருந்தால் அவர்கள்தான் சொல்வார்கள். இதை அச்சுக்கு முந்திய வாரமே செய்தால் திருத்தவும் முடியும்.