வெளியில் தங்கும்போது சோலார் பேனலும் பவர் பேங்கும் உண்மையிலேயே கை கொடுக்குமா?

கை கொடுக்கும். ஆனால் பகலில் ஒரே இடத்தில் சில மணி நேரமாவது பேனலை வெயிலில் வைக்க முடிகிறவர்களுக்குத்தான். நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பவர்களுக்குப் பெரிதாக உதவாது.

எனக்கு முன்னால் பதில் எழுதிய நண்பர், "சோலார் எல்லாம் விளையாட்டுச் சாமான், பெரிய பவர் பேங்க் ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள், போதும்" என்கிறார். நிறைய பேர் அதை ஆமோதித்திருக்கிறார்கள். ரெண்டு நாள் மலையேறிவிட்டு வீடு திரும்புகிறவருக்கு அவர் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் கரண்ட் கம்பம் இல்லாத வயல்வெளியில் மாதக்கணக்கில் தங்கிப் பிழைக்கிற குடும்பங்களும் இந்த ஊரில் இருக்கின்றன. என் சித்தப்பா குடும்பம் அதில் ஒன்று. "விளையாட்டுச் சாமான்" என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை.

கேட்டவர் நண்பர்களோடு கூடாரம் போட்டுத் தங்கப்போவதாக மட்டும் எழுதியிருக்கிறார். மலைப்பக்கம் என்று வைத்துக்கொள்கிறேன். வெள்ளியங்கிரி மாதிரி ராத்திரி ஏறி மறுநாள் இறங்குகிற இடத்துக்கு பேனலே வேண்டாம், வீட்டில் முழுசாக சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் போதும். பையின் முதுகில் பேனலைத் தொங்கவிட்டு நடப்பதை வீடியோக்களில் காட்டுகிறார்கள். நடக்கிறவர் முதுகு சூரியனைப் பார்த்தபடியே இருக்காது, மர நிழல் வேறு மாறி மாறி விழும். அதில் ஏறுகிற சார்ஜ் சொற்பம். மூன்று நாலு நாள் ஒரே முகாமில் தங்குவீர்கள் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

சித்தப்பா கீதாரி, அதாவது ஆட்டு மந்தையோடு ஊர் ஊராகப் போய்த் தங்குகிறவர். முதுகுளத்தூர் பக்கம் ஊர். தை, மாசியில் சம்பா அறுப்பு முடிந்ததும் ஆடுகளைப் பத்திக்கொண்டு டெல்டாவுக்குப் போய்விடுவார்கள். வழக்கப்படி ஜூன் 12 மேட்டூர் திறந்து குறுவை வேலை ஆரம்பிக்கும்வரை மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் வயல் வயலாகக் கிடை போடுவார்கள். ராத்திரி ஆடு அடைகிற வயலுக்குப் புழுக்கையும் மூத்திரமும் உரம். அதற்கு வயல்காரர் காசோ நெல்லோ தருவார். எல்லா வயலிலும் இறங்கிவிட முடியாது, நெல் அறுத்த ஈரத்திலேயே பாதிப் பேர் உளுந்தும் பச்சைப்பயறும் விதைத்திருப்பார்கள். அதில் ஒரு ஆடு வாய் வைத்தாலும் பஞ்சாயத்துதான். அதனால் எந்த வயல் காலி, யாருக்கு எத்தனை ராத்திரி கிடை வேண்டும், அடுத்த கிடை எந்த ஊரில் என்று எல்லாப் பேச்சும் இப்போது போனில்தான். காசும் ஜிபேயில்தான் வருகிறது. ஊரில் படிக்கிற பிள்ளைகளோடு பேசுவதும் அதில்தான்.

"ஆடு மேய்க்கிறவனுக்கு எதுக்கு டச் போன்" என்று இதே தளத்தில் ஒருவர் முன்பு எழுதியிருந்தார். பேங்கிலிருந்து வரும் ஓடிபியை ஆட்டின் காதில் வாங்க முடியாது ஐயா.

ஒரு வருசம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வயல்காரர் கிடைக்குப் பேசி வைத்திருந்தார். கூப்பிடும்போது வந்துவிட வேண்டும் என்று பேச்சு. அவர் கூப்பிட்ட அன்று சாயங்காலம் சித்தப்பா போனில் சார்ஜ் இல்லை. காலையில் இவரே நேரில் போய் நின்றபோது வயலில் வேறொருவர் ஆடு கிடந்தது.

"ராத்திரி எத்தனை தடவை அடிச்சேன் கீதாரி? சுவிட்ச் ஆப்புன்னே வந்துச்சு. எத்தனை நேரம்தான் பாக்குறது? வேற கிடைக்குச் சொல்லிட்டேன்."

அவர் மேல் தப்பில்லை. அவருக்கு வயலில் உரம் விழ வேண்டும். ஆனால் சித்தப்பாவுக்கு அது நாலைந்து ராத்திரி வருமானம்.

போனை எங்கே சார்ஜ் போடுவது? டீக்கடையில். ஒரே பிளக் இருக்கும், அதில் கடைக்காரர் போன் சொருகியிருக்கும். "அப்பறம் வாய்யா" என்பார். போட்டாலும் ஒரு ஆள் அங்கேயே காவல் உட்கார வேண்டும், அந்த ரெண்டு மணி நேரம் ஆட்டை யார் பார்ப்பது? போர்செட் கொட்டகையில் பிளக் உண்டு, ஆனால் கொட்டகை பூட்டிக் கிடக்கும். மேலே எழுதிய நண்பரின் பெரிய பவர் பேங்க் இங்கேதான் நின்றுபோகிறது. அது தீர்ந்த பிறகு எதில் சொருகுவது என்பதுதான் கேள்வியே.

நான் பரமக்குடியில் யூபிஎஸ், இன்வெர்ட்டர் சர்வீஸ் வேலை பார்ப்பவன். அந்த வருசம்தான் இதைச் சரிபண்ணிக் கொடுத்தே ஆவது என்று இறங்கினேன். திருப்பூரில் வேலை பார்க்கும் தம்பி அதற்குள் ஆன்லைனில் ஒரு பவர் பேங்க் வாங்கி அனுப்பியிருந்தான், முதுகில் உள்ளங்கை அகலம் சோலார் ஒட்டிய வகை. பாசத்தில் அனுப்பியது, பொருளையும் குறை சொல்ல மாட்டேன், கரண்டில் சார்ஜ் போட்டால் ஒழுங்காக ஓடியது. ஆனால் அந்தச் சின்னச் சில்லு நல்ல வெயிலில் தருவது ஒன்று, ஒன்றரை வாட். 20000 எம்ஏஎச் பவர் பேங்க் என்றால் உள்ளே 74 வாட்-அவர் (ஒரு வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு வாட்-அவர்). நாளுக்கு அஞ்சு மணி நேரம் நல்ல வெயில் என்று கணக்குப் போட்டாலும் நிறைய ரெண்டு வாரம் ஆகும். அதற்கு மேல் இன்னொரு கெடுதல், சோலாருக்காக பேட்டரியையே வெயிலில் வைக்க வேண்டியிருக்கிறது. லித்தியம் பேட்டரியைப் பொதுவாக 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் பண்ணக்கூடாது. சித்திரை வெயிலில் கறுப்பு டப்பா தொட முடியாமல் கொதிக்கும். பேனல் வெயிலில், பேட்டரி நிழலில், இது ரெண்டும் பிரிந்துதான் இருக்க வேண்டும்.

அதனால் 20 வாட் கண்ணாடிப் பேனல் ஒன்று வாங்கினேன், அலுமினியச் சட்டம் போட்டது. முதுகில் சுமந்து போகிறவர்களுக்கு மடக்குப் பேனல்தான் தோது, அது வேறு. சித்தப்பாவுக்குச் சாமான்கள் டிவிஎஸ் 50-யிலும் குட்டியானை வண்டியிலும் போகும், ஆகவே எடை ஒரு பிரச்சினை இல்லை. கண்ணாடிப் பேனல் விலையும் குறைவு, நாள்பட உழைக்கவும் செய்யும். "12 வோல்ட் பேனல்" என்று எழுதியிருந்தாலும் லோடு இல்லாதபோது 21, 22 வோல்ட் வரை வரும், அதை நேராக போனில் கொடுக்கவே கூடாது. 24 வோல்ட் தாங்குகிற, அதை 5 வோல்ட்டாக இறக்கிக் கொடுக்கிற யூஎஸ்பி கன்வெர்ட்டர் ஒன்று இடையில் போட்டேன். அந்த கன்வெர்ட்டரை பேனல் முதுகில் ஒட்டவில்லை. பேனலிலிருந்து ரெட்டை வயரை நீளமாக இழுத்து, நிழலில் பவர் பேங்க் பக்கத்தில் கன்வெர்ட்டரை வைத்தேன். யூஎஸ்பி வயரை நீளமாகப் போட்டால் 5 வோல்ட் போகிற வழியிலேயே இறங்கி சார்ஜ் மந்தமாகிவிடும், பேனல் பக்கத்து வயரை நீட்டினால் அந்த நட்டம் தெரியாது. மடக்குப் பேனல் வாங்குகிறவர்கள் இதே காரணத்துக்காகக் கெட்டியான, குட்டையான வயராகப் பாருங்கள்.

பகலில் பெரிய ஆடெல்லாம் மேய்ச்சலுக்குப் போய்விடும். தாய் பின்னால் ஓட முடியாத குட்டிகளை, கவிழ்த்து வைக்கிற கூட்டுக்குள் அடைத்துவிட்டு சித்தி மட்டும் இருப்பார். பேனல் அவர் பொறுப்பு. கூட்டின் மேல் சாய்த்து வைக்க ஒரு கவட்டைக் கம்பு கட்டினோம். காலையில் கிழக்கே சாய்ப்பு, உச்சியில் ஏறக்குறைய மட்டம், மூன்று மணிக்கு மேற்கே. எந்தச் சாய்ப்பு சரி என்பதற்கு சித்திக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று: பேனல் மேல் விரலைச் செங்குத்தாக நிறுத்து, விரலுக்கு நிழல் விழாத பக்கம் திருப்பு. அவர் அடுப்பைப் பார்க்கிற மாதிரி போகிற வருகிற வாக்கில் அதைப் பார்த்துத் திருப்பிவிடுவார்.

நிழல் விஷயத்தை நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள். நான் போயிருந்தபோது யூஎஸ்பி மீட்டரில் ரெண்டு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே ஓடிக்கொண்டிருந்தது. சித்தப்பா தொரட்டிக் கம்பைக் கூட்டின் மேல் சாத்தினார். கட்டைவிரல் பருமன் நிழல்தான், நீளவாக்கில் பேனல் மேல் விழுந்தது. மீட்டர் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. உள்ளே செல்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருப்பதால், ஒன்று நிழலில் மாட்டினால் மற்றதும் அடைபடும். "பாதிதானே நிழல், பாதி வெயில் இருக்கே" என்ற கணக்கு இதில் செல்லாது.

20 வாட் என்றால் 20 வாட்டும் வராது. பேனலில் எழுதியிருப்பது செல் 25 டிகிரியில் இருக்கும்போது எடுத்த அளவு. நம் வெயிலில் செல் 60, 65 டிகிரி போகும், ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.4 சதவீதம் குறையும். கீழே காற்றோட்டம் விட்டுச் சாய்த்தால் கொஞ்சம் தேறும், தரையில் ஒட்டிப் படுக்க வைக்காதீர்கள். எங்களுக்கு ஒரு நல்ல பகலுக்கு 50 வாட்-அவர் பக்கம் கிடைத்தது. ஒரு டச் போன், ரெண்டு பட்டன் போன், ஒரு தலைவிளக்கு, ஒரு எல்இடி விளக்கு எல்லாவற்றுக்கும் சேர்த்து அது தாராளம்.

போனை நேராக பேனலில் சொருக வேண்டாம். மேகம் மறைக்கும்போதெல்லாம் சார்ஜ் நின்று நின்று ஏறும், சில போன்கள் மறுபடி பிடிக்கவே பிடிக்காது. பகலில் பவர் பேங்குக்கு ஏற்றி, ராத்திரி அதிலிருந்து போனுக்கு, இதுதான் வழி.

ரெண்டு சிக்கல் வந்தது. முதலாவது, வயரை ஆடு மென்றுவிட்டது. பழைய தோட்டத்து ஹோஸ் குழாய்க்குள் வயரை நுழைத்ததும் தீர்ந்தது. இரண்டாவது, ராத்திரி நாய் வராமல் இருக்க எரிய விட்ட எல்இடி விளக்கு அரை நிமிசத்தில் அணைந்து அணைந்து போனது. "வெளக்கு தானா அணைஞ்சுபோகுதுடா, பேட்டரி செத்துருச்சா?" என்று சித்தப்பா நடு ராத்திரியில் போன் பண்ணினார். பேட்டரிக்கு ஒன்றும் இல்லை. விளக்கு இழுக்கிற கரண்ட் ரொம்பக் கம்மி என்றால் பவர் பேங்க், யாரும் சொருகவில்லை என்று நினைத்துத் தன்னையே அணைத்துக்கொள்ளும். குறைந்த கரண்டுக்கென்று தனி மோடு உள்ள பவர் பேங்குகள் இருக்கின்றன, சிலவற்றில் பட்டனை ரெண்டு தடவை அழுத்தினால் அந்த மோடுக்குப் போகும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆடு இருக்கிற இடத்தில் விளக்கு அணைவது சின்ன விஷயம் இல்லை. நாய் கூட்டமாக வந்து விழுந்தால் விடிவதற்குள் குட்டிகளே மிஞ்சாது.

பவர் பேங்க் கணக்கு ஒன்று. 20000-ஐ போனின் 5000-ஆல் வகுத்து நாலு தடவை ஏறும் என்று கடையில் சொல்வார்கள். அந்த 20000 உள்ளேயிருக்கும் 3.7 வோல்ட் கணக்கு. 5 வோல்ட்டாக மாற்றும்போதும், போனுக்குள் ஏறும்போதும் கொஞ்சம் கொஞ்சம் சூடாகப் போய்விடும். மூன்று தடவைக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். ஐநூறு ரூபாய்க்கு 50000 எம்ஏஎச் என்று விற்பதை எடுத்துப் பார்த்தாலே தெரியும், 20000-க்கே 400 கிராம் பக்கம் எடை வர வேண்டும். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இல்லாததைத் தொடாதீர்கள். கூடாரத்தில் தலைமாட்டில் வைத்துத் தூங்கப்போகிற பொருள் அது.

நான் எந்தக் கம்பெனிக்கும் விளம்பரம் பண்ணவில்லை, அதனால்தான் ஒரு பெயரும் எழுதவில்லை. வாட் கணக்கில் அங்கே இங்கே தசமம் விட்டிருப்பதாகச் சொல்ல வருபவர்களுக்கு, வயலில் கிடைப்பதை வைத்துத்தான் சொல்கிறேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைச் சொல்ல வேறு இடம் எனக்கில்லை. விளக்கும் போனும் நாங்களே பார்த்துக்கொண்டோம். ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போடுகிற முகாம் ஊரில் நடக்கும்போது ஆடு டெல்டாவில் நிற்கிறது. டெல்டாவில் போய்க் கேட்டால் "உங்க ஊர்ல போட்டுக்குங்க" என்கிறார்கள். ஆடு நடந்து போகிற தொழில் இது, நேற்று ஆரம்பித்தது இல்லை. ஆடு எந்த மாதம் எந்தப் பக்கம் போகும் என்று எல்லாருக்கும் தெரியும். நோய் மட்டும் ஊர் பார்த்து வருவதில்லை. ஒரு கிடையில் புகுந்தால் வாயில் புண்ணும் கழிச்சலுமாக வரிசையாகச் சாயும். அந்த ஊசியை ஆடு நிற்கிற இடத்தில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று நாலு பேர், ஒரே இடத்தில் தங்கல் என்றால் 20 வாட்டுக்குக் குறையாத மடக்குப் பேனல் ஒன்று, 20000 எம்ஏஎச் பவர் பேங்க் ரெண்டு. ரெண்டையும் வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள், ஒன்று ஏறும்போது மற்றது செலவாகட்டும். மரத்தடியில்தான் கூடாரம் போடுவீர்கள், ஆகவே பேனலோடு பவர் பேங்கையும் வெட்டவெளிக்கு எடுத்துப்போய், பவர் பேங்கைப் பேனலின் நிழலில் வையுங்கள். கோடை மழை திடீரென்று வரும். பேனல் நனைந்தால் பரவாயில்லை, பின்னால் இருக்கும் யூஎஸ்பி பெட்டிக்குத் தண்ணீர் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போவதாக இருந்தால் பேனலை வீட்டில் வைத்துவிட்டு மூன்றாவதாக ஒரு பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள்.