ஒருபாலினத் திருமணத்தைச் சட்டம் ஏற்றால், அது அரசு சமயத்தில் கைவைப்பதாகாதா?

யாழ்ப்பாணத்தில் கல்யாணம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்விக்கான பதில் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எங்களுக்கு எழுத்து வேறு, தாலி வேறு. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: விவாகப் பதிவைத்தான் நாங்கள் ‘எழுத்து’ என்போம்.

என் அக்காவின் மூத்த மகளுக்குக் கனடா மாப்பிள்ளை. விசா அலுவலுக்காக எழுத்தை முதலில் வைக்க வேண்டியிருந்தது. அவருக்கோ நத்தார், அதாவது கிறிஸ்மஸ் விடுமுறையில்தான் வர முடிந்தது. அது மார்கழி. மார்கழியில் நல்ல காரியம் எதையும் தொடங்காத அக்கா, “எழுத்துத்தானே, பரவாயில்லை” என்று இணங்கினார். பதிவாளர் ஒரு பின்னேரம் கொக்குவில் வீட்டுக்கு வந்தார். சாப்பாட்டு மேசையின் விரிப்பை எடுத்துவிட்டுப் பதிவேட்டை விரித்தார். வயது கேட்டார், முன்பு மணமாகியிருக்கிறதா என்று கேட்டார், இருவருக்கும் சம்மதமா என்று கேட்டார். நட்சத்திரம் கேட்கவில்லை. சாட்சியாக நான் கையெழுத்திட்டபோது பேனா கசிந்து என் பெயரின் கடைசி எழுத்தில் மை ஊறிப்போனது.

அரை மணி நேரத்தில் சட்டப்படி அவர்கள் கணவன் மனைவி. ஆனால் அன்றிரவு மாப்பிள்ளை கோண்டாவிலில் தன் தாய் வீட்டில்தான் படுத்தார். அடுத்த வாரம் கனடாவுக்குத் திரும்பியும் விட்டார். ஆவணி வரை, எட்டு மாதமாக, “எழுத்து முடிந்தது, கல்யாணம் இனித்தான்” என்றே அக்கா அயலில் சொல்லிவந்தார். பொன்னுருக்கி, கூறை உடுத்து, ஐயர் அக்கினி வளர்த்து, தாலி ஏறிய பிறகுதான் அவர் மனம் ஆறியது. அந்த எட்டு மாதமும் அரசு அவர்களைத் தம்பதி என்றது, நாங்கள் இல்லை என்றோம். சமயம் கெட்டுப்போய்விட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஒருபாலினத் திருமணம் பற்றிய சட்டக் கேள்வி இந்த எழுத்தைப் பற்றியது. தாலியைப் பற்றி அரசிடம் யாரும் கேட்கவில்லை. கனடா 2005 ஜூலையில் இதைச் சட்டமாக்கியபோது, தங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாத திருமணத்தை நடத்த மதகுருமார் மறுக்கலாம் என்பதையும் அதே சட்டத்தில் எழுதியது. நான் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் விரதம் இருக்கிறவள். என் கோயிலில் எந்தக் கிரியை நடக்க வேண்டும் என்று பாராளுமன்றம் தீர்மானிப்பதை ஒருநாளும் ஏற்க மாட்டேன். ஆனால் என் விரதத்தை வைத்து இன்னொருவரின் எழுத்தை மறிக்கவும் எனக்கு உரிமையில்லை.

இலங்கையின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் கோயில் வாசலில் சாதி பார்ப்பதைக் குற்றமாக்கவில்லையா, அப்போது அரசு சமயத்துக்குள் வரவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. 1968இல் மாவிட்டபுரம் கோயிலுக்குள் போக வந்த, ஒடுக்கப்பட்ட சாதியினரை மறித்து நின்றவர்களும் சமயத்தையும் வழக்கத்தையும்தான் காட்டினார்கள். எல்லோருக்குமான கதவைத் திறக்கச் சொல்வது அரசின் கடமை, அது அன்று செய்தது சரி. ஐயரிடம் இன்னாருக்குத் தாலி எடுத்துக் கொடு என்று கட்டளையிடுவது வேறு விஷயம். அதை நான் கேட்கவில்லை.

நாங்கள் தமிழர்கள் இதைப் பேசும்போது எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. சுதந்திரம் கிடைத்தபோது இலங்கைக்கு இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29(2) ஆம் பிரிவு, ஒரு மதத்தாருக்கு மட்டும் சலுகை தரும் சட்டத்தைத் தடுத்தது. 1972இல் அதைத் தூக்கிவிட்டு பௌத்தத்துக்கு முதன்மைத்தானம் கொடுத்தார்கள். 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையிலும் அது இருக்கிறது. அரசுக்கு மதம் இருக்கக் கூடாது என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறோம். தனி நாடு கேட்ட 1976 வட்டுக்கோட்டைத் தீர்மானத்திலேயே ‘மதச்சார்பற்ற’ என்ற சொல் இருக்கிறது. கிறிஸ்தவரான தமிழ்த் தலைவர் செல்வநாயகத்தைச் சைவர்கள் நிறைந்த இந்த மண் தந்தை செல்வா என்று கொண்டாடியது. இன்றும் போயா எனும் பௌர்ணமி தினங்களில், தமிழர் காணியில் எழுந்த தையிட்டி பௌத்த விகாரைக்கு முன்னால் எங்கள் ஆட்கள் போய் நின்று போராடுகிறார்கள். பெரும்பான்மையின் மதத்தை அரசு எங்கள் காணியில் நட்டால் வலிக்கிறது. அதே அரசு எங்கள் மதத்தின் பெயரால் எங்களுக்குள் இருக்கும் சிறுபான்மையை ஒடுக்கினால் மட்டும் அது பண்பாட்டுக் காவலாகிவிடுமா?

அந்தப் பண்பாட்டுக் காவல் சட்டமும் எங்களுடையது இல்லை. ஒருபாலின உறவைத் தண்டிக்கப் பயன்படும் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு 1883இல் ஆங்கிலேயர் எழுதி வைத்தது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் அப்படியொரு தண்டனை இல்லை. இங்கிலாந்து தன் வீட்டில் 1967இலேயே இதைத் தளர்த்தத் தொடங்கியது. எங்கள் பாராளுமன்றமோ 1995இல் 365அ பிரிவைத் திருத்தி, அதுவரை ஆண்களுக்கு மட்டும் இருந்த குற்றத்தைப் பெண்களுக்கும் விரித்தது. இதை நீக்க 2023இல் ஒரு தனிநபர் சட்டமூலம் வந்தது. அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆனாலும் அது சட்டமாகவில்லை. ஆகவே இலங்கையில் திருமணம் அடுத்த படி. முதலில் இந்தப் பிரிவுகள் போக வேண்டும். ஒரு காலத்தில் இந்து இராச்சியமாக இருந்த நேபாளத்தில் 2023 நவம்பரில் முதல் ஒருபாலினத் திருமணப் பதிவு நடந்தது. பௌத்தர்கள் பெரும்பான்மையான தாய்லாந்தில் 2025 ஜனவரியிலிருந்து சட்டமே இருக்கிறது. அங்கே கோயில்களும் விகாரைகளும் அப்படியேதான் இருக்கின்றன.

இவ்வளவையும் நான் எழுதுவதற்குக் காரணம் அக்காவின் இளைய மகள். அவள் ரொறன்ரோவில் ஒரு பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். முதலில் என்னிடம்தான் சொன்னாள்: “சின்னம்மா, நீங்கள்தான் அம்மாவிடம் சொல்ல வேண்டும்.” நான் மறுத்தேன். அவளே சொல்லட்டும் என்று தொலைபேசியை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். நெடுநேரம் பேசாமல் இருந்த அக்கா கேட்ட முதல் கேள்வி, “ஐயர் வந்தாரா?” “இல்லை அம்மா, எழுத்து மட்டும்தான்” என்றாள் அவள். ரொறன்ரோவில் அப்படி யாரும் சொல்வதில்லை. தாய்க்காகத்தான் அந்தச் சொல்லை எடுத்தாள் என்று நினைக்கிறேன்.

போன வருடம் அவளுக்கு அவசர சத்திரசிகிச்சை. கையெழுத்துப் போட்டதும், கட்டிலருகே இருந்ததும், இரவிரவாக அக்காவுக்கு அழைப்பெடுத்து ஆங்கிலம் கலந்த தமிழில் நிலைமையைச் சொன்னதும் அந்தப் பெண்தான். மனைவி என்று பதிவு இருந்ததால் நீ யார் என்று அங்கே எவரும் அவளைக் கேட்கவில்லை. இதே சத்திரசிகிச்சை இங்கே நடந்திருந்தால் அந்தப் பெண் வெறும் சிநேகிதி. வாசல் கதிரையில் இருந்திருப்பாள்.

அக்கா இன்னும் முழுதாக ஆறவில்லை, அவரை நான் அவசரப்படுத்தவும் இல்லை. அயலில் யாராவது “இளையவளுக்கு எப்போது?” என்று கேட்டால், இப்போது “அவளுக்கு எழுத்து முடிந்துவிட்டது” என்கிறார். யாருடன் என்று சொல்வதில்லை.