நன்றாக ஓடும் ஃபோன் கையில் இருக்கும்போது எழுபது, எண்பதாயிரம் போட்டுப் புதிது வாங்குவது வொர்த்தா?

மூன்று வருடப் பழைய ஃபோன், குறை ஒன்றும் இல்லை, இருந்தாலும் புதிது வாங்க மனசு அடித்துக்கொள்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் மாதச் சம்பளக்காரர், பக்கத்து சீட்டில் ஒருத்தர் புதிது வாங்கிவிட்டார், வங்கியிலிருந்து "உங்களுக்கு லோன் ரெடி" என்று மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் வேண்டாம். பேட்டரியை மாற்றுங்கள், வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் போய் குட்மார்னிங் வீடியோக்களை அழியுங்கள், இன்னும் இரண்டு வருடம் தாராளமாக ஓடும்.

ஆனால் "ஃபோனுக்கு எழுபதாயிரம் போடுகிறவர்கள் எல்லாம் பந்தாவுக்குத்தான் வாங்குகிறார்கள்" என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதை மட்டும் என்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. நான் போட்டிருக்கிறேன். கோபிசெட்டிபாளையத்தில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பிளவுஸ் தைத்து, ஆரி ஒர்க் போடுகிறவள் நான். எனக்கு எதற்கு ஐஃபோன் என்று என் அத்தையிலிருந்து எதிர்வீட்டு அக்கா வரை எல்லோரும் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

ஆரி ஒர்க் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். துணியை ஃப்ரேமில் இழுத்துக் கட்டி, கொக்கி மாதிரி முனை உள்ள ஊசியால் அடியிலிருந்து நூலை மேலே இழுத்துச் சங்கிலித் தையல் போட வேண்டும். அதன் மேல் ஜரி, பீட்ஸ், குந்தன் கல் எல்லாம் வரும். கல்யாணப் பெண்ணின் முகூர்த்த பிளவுஸ் என்றால் கழுத்தும் இரண்டு கையும் முடிய நாள் கணக்கில் ஆகும். முன்பெல்லாம் உள்ளூர் ஆட்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். இப்போது திருப்பூர், கோயம்புத்தூரிலிருந்து துணியைக் கூரியரில் அனுப்புகிறார்கள். பாதி வேலையில் வீடியோ கேட்கிறார்கள், முடிந்ததும் வீடியோ கேட்கிறார்கள். அவர்கள் நம்புவது அந்த வீடியோவைத்தான். என் கை வேலையை அவர்கள் தொட்டுப் பார்ப்பது கடைசியில்தான்.

போன ஆவணியில் கோயம்புத்தூர்ப் பெண் ஒருத்திக்கு மயில் கழுத்து நிறப் பட்டு. அந்த நிறத்தைப் படம் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்று துணிக்கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். பாவு (நீளவாக்கு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம், நீலமும் பச்சையும் சேர்ந்து நெய்தது. அசைத்தால் மாறும். நான் இரண்டு நிறத்துக்கும் பொருந்துகிற மாதிரி சில்க் த்ரெட் தேர்ந்தெடுத்துப் போட்டிருந்தேன். ராத்திரி டியூப்லைட்டில் எடுத்த வீடியோவில் என் பழைய ஃபோன் துணியை வெறும் நீலமாகக் காட்டியது. ஜரி வெள்ளையாகப் பொங்கிவிட்டது. நூல் மட்டும் தனியாகப் பச்சையாகத் தெரிந்தது. "அக்கா, நூல் மாத்திப் போட்டுட்டீங்க" என்று அந்தப் பெண் அழாத குறை. மறுநாள் வெயிலில் எடுத்து அனுப்பினேன், ஃபில்டர் போட்டிருக்கிறேன் என்றார்கள்.

அந்தப் பெண்ணின் அம்மா பஸ் ஏறி நேரில் வந்தார். சேலையையும் பிளவுஸையும் வாசலில் வெளிச்சத்தில் சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "அம்முணி, சரியாத்தான் இருக்குது" என்றார். ஆனால் அதற்குள் பெண் அங்கேயே வேறு கடையில் ரெடிமேட் ஒர்க் பிளவுஸுக்குக் காசு கொடுத்துவிட்டாள். எனக்குப் பாதிக் கூலிதான் வந்தது. அந்த அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல மனுஷி, தன் கையிலிருந்து கொடுத்துவிட்டுப் போனார். ஆனால் சரியாகச் செய்த வேலைக்குத் தப்பு என்று பேர் வாங்கியது எனக்கு ஆறவே இல்லை.

உடனே கடைக்கு ஓடிவிடவில்லை. முதலில் வெள்ளை பல்ப், ரிங் லைட் வாங்கினேன். நிறம் கொஞ்சம் நன்றாக வந்தது. ஆனால் வீடியோவில் கோடு கோடாக ஓடியது. நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்.இ.டி. விளக்கு அதனால் விநாடிக்கு நூறு தடவை மங்கி மங்கி எரிகிறது, நம் கண்ணுக்குத் தெரியாது. ஃபோன் விநாடிக்கு 30 படம் எடுக்கும்போது இரண்டும் ஒத்துப் போவதில்லை, அதுதான் கோடு. 25 படம் எடுக்கிற வசதி இருந்தால் சரியாகிவிடும், என் பழைய ஃபோனில் அது இல்லை. அடுத்து, லென்ஸ் மேல் மாட்டுகிற கிளிப் லென்ஸ். நடுவில் மட்டும் தெளிவு, ஓரமெல்லாம் கலங்கல்.

கிட்டத்தில் எடுப்பதுதான் பெரிய சிக்கல். என் பழைய ஃபோனில் 'மேக்ரோ கேமரா' என்று தனியாக ஒன்று இருந்தது, 2 மெகாபிக்சல். கேமரா எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டத்தான் அது உதவும், ஒரு பீட்ஸின் துளை கூடத் தெரியாது. மெயின் கேமராவைக் கிட்டே கொண்டுபோனால் ஃபோகஸ் ஆகாது. கேமராவுக்குள் வெளிச்சத்தைப் படமாக்குகிற சென்சார் பெரிதாகப் பெரிதாக, பொதுவாகத் தள்ளி நின்றால்தான் ஃபோகஸ் ஆகும். அதனால் விலை கூடிய பல ஃபோன்களில் கிட்டே போனதும், அகலமாகப் படம் பிடிக்கிற அல்ட்ராவைடு கேமராவுக்கு மாறிவிடுகிறது. அதில் ஆட்டோஃபோகஸ் இருந்தால்தான் மேக்ரோ வரும். ஐஃபோனில் இது 2021-இல் 13 ப்ரோவில் வந்தது, ப்ரோ இல்லாத சாதாரண மாடலுக்கு 2024-இல் 16-இல்தான் வந்தது. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் நாத்தனார் மகன். அவன் தன் ஃபோனை ஒரு வாரக் கடைசிக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அதே மயில் கழுத்துப் பிளவுஸை அதில் எடுத்தேன். நீல நூலும் பச்சை நூலும் தனித்தனி இழையாகத் தெரிந்தன. இந்தப் படம் அன்றைக்கு என்னிடம் இருந்திருந்தால் அந்த அம்மா பஸ் ஏறியிருக்கவே வேண்டாம்.

அப்புறமும் ஷோரூமுக்குச் சும்மா போகவில்லை. ஒர்க் போட்ட கைத்துண்டு ஒன்றைப் பையில் வைத்து எடுத்துப் போனேன். மேஜையில் இருந்த ஒவ்வொரு ஃபோனிலும் அதே துண்டை எடுத்துப் பார்த்தேன். விற்பனைப் பையன் முதலில் முறைத்தான், அப்புறம் அவனே துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாற்பதாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு ஒன்றில் கிட்டத்துப் படம் அருமையாக வந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஃபோட்டோவில் ஒரு பச்சை, வீடியோவில் ஒரு பச்சை. எனக்கு இரண்டும் ஒன்றாக வர வேண்டும். "அதே காசுக்கு நல்ல கேமராவே வாங்கலாமே" என்று எழுத வருவீர்கள், தெரியும். ஒரு கையில் ஊசியை விடாமல் மறு கையால் எடுத்து, அந்த நிமிடமே வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். கேமராவிலிருந்து இறக்கி ஏற்ற எனக்கு நேரமும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை.

ஐஃபோன் 16 வந்தபோது 79,900. 2025 செப்டம்பரில் 17 வந்ததும் 16-ஐ 69,900 ஆக இறக்கினார்கள். தீபாவளிக்கு முன்னால் வாங்கினேன். சீட்டுப் பணம் எடுத்துத்தான் வாங்கினேன், கடன் வாங்கவில்லை. நோ காஸ்ட் இ.எம்.ஐ. என்று அந்தப் பையன் ஆசை காட்டினான். வங்கி வட்டி போடத்தான் செய்கிறது, அந்த வட்டி அளவுக்கு விலையில் குறைத்துக் காட்டுகிறார்கள். கிரெடிட் கார்டு என்றால் வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் ப்ராசஸிங் ஃபீஸும் நம் தலையில். மொத்தப் பணமாகக் கட்டினால் கிடைக்கிற தள்ளுபடி பல சமயம் இதில் கிடைக்காது. இரண்டு கணக்கையும் தாளில் எழுதித் தரச் சொல்லி வாங்கிப் பாருங்கள். தொழிலுக்கு வாங்குகிறவர்கள், ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால், உங்கள் எண்ணைப் போட்டு பில் கேளுங்கள். 69,900-இல் பத்தாயிரத்துக்கு மேல் வரிதான் இருக்கிறது, அதைக் கழித்துக்கொள்ள வழி உண்டு. எனக்குப் பதிவு இல்லை, அதனால் முழுக்காசு.

வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அத்தை, "அந்தக் காசுக்கு ஒரு மோதிரமாவது எடுத்திருக்கலாம்" என்றார். அவர் காலத்து நியாயம் அது, நான் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் என் கொழுந்தனார் இரண்டு லட்சத்துக்கு மேல் போட்டு பைக் எடுத்தபோது வாசலில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டார்கள். அந்த பைக் ஒரு ரூபாய் சம்பாதித்துத் தரவில்லை. நான் என் தொழிலுக்கு, என் சீட்டுப் பணத்தில் வாங்கியதற்கு மட்டும் ஏன் இத்தனை விளக்கம்? என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அவர்தான் பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட மாட்டேன். முப்பதாயிரத்துக்குப் பட்டு எடுக்கிறார்கள். கடையில் பேரம் கிடையாது, ஏ.சி.யில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு எழுதியிருக்கிற விலையைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். அதே சேலைக்கு பிளவுஸ் என்று என் முன்னால் உட்கார்ந்ததும் "தையக் கூலியா இவ்வளவு?" என்று முந்நூறு ரூபாய்க்கு அரைமணி நேரம் பேசுகிறார்கள். குனிந்து குனிந்து கழுத்து எலும்பு தேய்கிறது எங்களுக்கு. ராத்திரி பதினொரு மணிக்கு இணையத்தில் ஏதோ நடிகையின் படத்தை எடுத்து அனுப்பி "இதே மாதிரி, நாளன்னைக்கு வேணும்" என்கிறார்கள். அந்த நடிகை போட்டிருப்பதை எத்தனை பேர் எத்தனை நாள் உட்கார்ந்து செய்தார்கள் என்று ஒருத்தராவது யோசிக்கிறார்களா? லைனிங் துணி, ஜரி, பீட்ஸ் எல்லாம் நாங்களே வாங்கிப் போடுகிறோம், அதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கூலி. இதைப் படிக்கிற பெண்கள் அடுத்த தடவை கேட்பதற்கு முன் ஒரு தடவை ஃப்ரேம் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாங்கியதிலிருந்து, வீடியோ பார்த்துவிட்டு நிறம் தப்பு என்று ஒரு பிளவுஸ்கூடத் திரும்பி வரவில்லை. தை மாசத்து ஆர்டர்கள் மார்கழியிலேயே நிறைந்துவிட்டன. ஃபோன்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், வேலை நன்றாக இருந்தால்தான் படம் நன்றாக இருக்கும். ஆனால் முன்பணம் கேட்கும்போது இப்போது யாரும் தயங்குவதில்லை. ஆப்பிள் விளம்பரம் செய்கிறாள் என்று சொல்லிவிடாதீர்கள். விலை கூடிய ஃபோனிலும் பொறுத்துக்கொள்ள வேண்டியவை உண்டு. என்னுடையது 128 ஜி.பி., 4கே என்கிற அதிகத் தெளிவு வீடியோ ஒரு நிமிடத்துக்கே நிறைய இடம் பிடிக்கிறது. முடிந்த ஆர்டரை அழித்துக்கொண்டே இருக்க வேண்டும். கோடு விழாமல் இருக்க செட்டிங்ஸ், கேமரா, ரெக்கார்டு வீடியோ போய் 'ஷோ பால் ஃபார்மட்ஸ்' (Show PAL Formats) என்பதை ஆன் செய்து 25-க்கு மாற்ற வேண்டும், தானாக இருக்காது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஹெச்.டி. அழுத்தாவிட்டால் எழுபதாயிரம் ரூபாய்ப் படமும் ஏழாயிரம் ரூபாய்ப் படம் மாதிரித்தான் போய்ச் சேரும்.

உங்கள் ஃபோனில் உங்களால் செய்ய முடியாத வேலை என்று ஒன்று இருக்கிறதா? பெயர் சொல்ல முடிகிற மாதிரி ஒன்று? இருந்தால் அந்த வேலையைக் கடைக்கே எடுத்துப் போய்ச் செய்து பாருங்கள். ராத்திரியில் குழந்தையைப் படம் எடுக்க வேண்டும் என்றால் குழந்தையைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் போங்கள். மெதுவாக இருக்கிறது என்பது மட்டும்தான் குறையென்றால் ஸ்டோரேஜ் நிறைந்திருக்கிறதா, பேட்டரி தளர்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செக்யூரிட்டி அப்டேட் இன்னும் வருகிறதா என்பதையும் பாருங்கள். அது நின்றுபோய், அதே ஃபோனில் வங்கி வேலையும் செய்கிறீர்கள் என்றால் மாற்றத்தான் வேண்டும். அதற்கு எழுபதாயிரம் தேவையில்லை. மாற்றுவதென்று ஆகிவிட்டால் எத்தனை வருடம் அப்டேட் தருகிறார்கள் என்று கேட்டு வாங்குங்கள். கூகுள் பிக்சல் 8-க்கும் சாம்சங் எஸ்24-க்கும் ஏழு வருடம் சொல்லியிருக்கிறார்கள். ஐந்து வருடம் வைத்திருப்பேன் என்றால் எழுபதாயிரம் என்பது வருடத்துக்குப் பதினாலாயிரம். இரண்டு வருடத்தில் மாற்றுகிற ஆள் என்றால் இந்தக் கணக்கு உங்களுக்கு இல்லை.

பழைய ஃபோனை எக்சேஞ்சில் கொடுக்காதீர்கள். எனக்குச் சொன்ன விலை ஒரு பிளவுஸ் கூலி கூட வராது. பேட்டரி மாற்றி வைத்திருக்கிறேன், ஜிபே-யும் கஸ்டமர் நம்பரும் அதில்தான் ஓடுகின்றன.