வான்கோழி, வியாழக்கிழமை, வீடு நிறைய ஆள்: தேங்ஸ்கிவிங் விருந்து கேள்வி பதில்

அடுத்த வியாழன் தேங்ஸ்கிவிங், அமெரிக்காவுல குடும்பமா வான்கோழி விருந்து வைக்கிற நன்றி சொல்லும் நாள். முதல் தடவையா வீட்டுல விருந்து வைக்கிறவங்க நிறைய பேர் கேட்டதால இந்த கேள்வி பதில். சமையல், நேரக்கணக்கு, விருந்தாளி பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்க. கேக்கறவங்க ஊர்ப் பேர்தான் கேள்விக்கு முன்னாடி இருக்கு. ஒயினும் ஃபுட்பாலும் எனக்குத் தெரியாது. இறைச்சிக்கான தெர்மாமீட்டர் இல்லாதவங்க முதல்ல அதை வாங்கிட்டு வந்து கேளுங்க.

டாலஸ்: அக்கா, பெரியவங்க 10, குழந்தைங்க 4. எத்தனை பவுண்டு வான்கோழி? ஃப்ரீசர்ல இருந்து எப்ப எடுக்கணும்?

கணக்குப்படி தலைக்கு ஒரு பவுண்டு, மிச்சம் வேணும்னா ஒன்றரை. ஆனா நம்ம கூட்டத்துல பாதிப் பேர் ஒரு துண்டு ருசி பார்த்துட்டு பக்கத்து ட்ரேயில இருக்கிற சிக்கன் 65-க்குப் போயிடுவாங்க. உங்களுக்கு 14 பவுண்டு தாராளம். 20 பவுண்டுக்கு மேல போகாதீங்க, தொடை வேகறதுக்குள்ள நெஞ்சுக்கறி வறண்டுடும். ஆள் கூடினா சின்னதா ரெண்டு வாங்குங்க.

ஃப்ரிட்ஜுல உருக 4-5 பவுண்டுக்கு ஒரு முழு நாள் ஆகும். சனிக்கிழமை ராத்திரி மாத்தி வெச்சா புதன் காலையில தயார். கீழ்த்தட்டுல, விளிம்பு உயர்ந்த ட்ரேயில வைங்க. மேல வெச்சா சாறு சொட்டி கீழ இருக்கிற தயிரும் கொத்தமல்லியும் குப்பைக்குத்தான். புதன் ராத்திரி உறையைப் பிரிச்சு உள்ள கையை விடுங்க. ஒரு பக்கம் கழுத்து இருக்கும், இன்னொரு பக்கம் ஈரலும் இரைப்பையும் ஒரு சின்னப் பையில இருக்கும். அந்தப் பையோடயே ஓவன்ல வெச்சவங்க எல்லா ஊர்லயும் உண்டு. உப்பு, மிளகு தடவி, மூடாம திரும்ப ஃப்ரிட்ஜுல வைங்க, தோல் காய்ஞ்சாதான் மொறுமொறுன்னு வரும். லேபிள்ல 'சொல்யூஷன்' சேர்த்ததுன்னு போட்டிருந்தா ஏற்கெனவே உப்பு ஏத்தியிருக்காங்கன்னு அர்த்தம், நீங்க கையைக் குறைச்சுக்கங்க.

நாலு மணிக்குச் சாப்பாடுன்னா பதினொன்றரைக்கு 325 டிகிரி ஃபாரன்ஹீட் ஓவன்ல உள்ள போகணும். மூணுல இருந்து மூணேமுக்கால் மணி நேரம் ஆகும். நெஞ்சுல தடிமனான இடம், தொடையோட உள்பக்கம், ரெண்டுலயும் எலும்புல படாம குத்திப் பாருங்க. 165 வந்தாத்தான் வெந்தது. கறியிலயே குத்தி வர்ற பிளாஸ்டிக் பட்டனை நம்பாதீங்க. வெளிய எடுத்து அரை மணி நேரம் தொடாதீங்க. அப்பதான் ஓவன் காலியா இருக்கும், மத்த ட்ரே எல்லாம் சூடு பண்ண அதுதான் நேரம்.

சியாட்டில்: மாமனார், மாமியார் ஊர்ல இருந்து வந்திருக்காங்க. சுத்த சைவம். எங்ககிட்ட ஒரே ஓவன்தான்.

சைவ ட்ரே எல்லாத்தையும் புதன்கிழமையே முடிச்சிடுங்க. வியாழன் அன்னைக்கு மைக்ரோவேவ், அடுப்பு போதும். கரண்டியைத் தனியா வைங்க.

ஓவனை விட லேபிள்தான் உங்களுக்குப் பிரச்சினை. பெட்டியில வர்ற ஸ்டஃபிங் (ரொட்டித் துண்டு மசாலா) கலவை பலதுல சிக்கன் சாறு இருக்கும். மார்ஷ்மெல்லோவுல பெரும்பாலும் ஜெலட்டின். கடையில விக்கிற பை (pie) மேலோடு சிலதுல பன்றிக்கொழுப்பு. பம்ப்கின் பையில முட்டை. கிரீன் பீன் கேசரோல் தாராளமா செய்யலாம். 1955-ல கேம்ப்பெல் சூப் கம்பெனியோட சமையலறையில டார்கஸ் ரைலி உருவாக்கினது அது: மஷ்ரூம் சூப் டப்பா, பீன்ஸ், மேல வறுத்த வெங்காயம், அவ்வளவுதான். நாலு பச்சை மிளகாய் கீறிப் போட்டா மாமியாரும் ரெண்டாவது தடவை போட்டுக்குவாங்க.

க்ரான்பெரியைத் தொக்காப் பண்ணுங்க. 12 அவுன்ஸ் பை ஒண்ணு. நல்லெண்ணெய்ல கடுகு, பெருங்காயம் தாளிச்சு பழத்தைக் கொட்டுங்க. பட்டு பட்டுன்னு வெடிக்கும், மூடியைப் பாதி சாத்தி வைங்க. மசிஞ்சதும் மிளகாய்த்தூள், உப்பு, வறுத்துப் பொடிச்ச வெந்தயம், ஒரு கட்டி வெல்லம். புளி தேவையே இல்லை. வான்கோழிக்கும் இது பொருத்தம், தயிர்சாதத்துக்கும் பொருத்தம்.

டொராண்டோ: எங்களுக்கும் இதே நேரக்கணக்குதானா?

கனடாவுல அக்டோபர் ரெண்டாவது திங்கள். உங்க விருந்து முடிஞ்சே போச்சு, அடுத்த வருஷம் பார்க்கலாம்.

அட்லாண்டா: வீட்டுக்காரர் முழுசா எண்ணெய்ல பொரிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறார்.

வீட்டுக்குள்ள, கராஜ்ல, மர டெக்ல கூடவே கூடாது. கறிக்குள்ள கொஞ்சம் பனிக்கட்டி மிச்சம் இருந்தாலும் எண்ணெய் பொங்கி நெருப்புல வழியும். இந்த நாட்டுல வீட்டுச் சமையல் தீ அதிகமா பிடிக்கிறதே தேங்ஸ்கிவிங் அன்னைக்குத்தான். பொரிச்சே விக்கிற கடைகள் இருக்கு, அங்க ஆர்டர் கொடுக்கச் சொல்லுங்க.

சார்லட்: மஞ்சள், கல்லுப்பு போட்டு எத்தனை தண்ணி அலசணும் அக்கா?

ஒரு தண்ணியும் வேண்டாம். கழுவாதீங்க. பேப்பர் டவலால ஒத்தி எடுங்க.

எடிசன்: என்ன பேச்சு இது? கழுவாத கறியை எங்க வீட்டுல நாய்க்குக்கூட போடமாட்டோம். மஞ்சள் கிருமிநாசினிதானே?

கோபப்படாதீங்க. ஊர்ல கண்ணு முன்னாடி வெட்டித் தர்ற கோழியில ரத்தம், இறகுத் துணுக்கு, எலும்புத் தூள் எல்லாம் இருக்கும், கழுவித்தான் ஆகணும். இங்க பாக்கெட்ல வர்ற வான்கோழி தொழிற்சாலையிலயே அலசிக் குளிர வெச்சு வருது. மிச்சம் இருக்கிற கிருமி தண்ணிக்கோ மஞ்சளுக்கோ போகாது. 165 டிகிரிக்குத்தான் சாகும். குழாயைத் திறந்தா அது சிங்க்ல, மேடையில, பக்கத்துல இருக்கிற வெள்ளரிக்காய்ல தெறிக்கும். 2019-ல அமெரிக்க விவசாயத் துறை வெளியிட்ட ஆய்வுல, கோழியைக் கழுவினவங்கள்ல 60 சதவீதம் பேரோட சிங்க்ல கிருமி இருந்தது. 26 சதவீதம் பேரோட சாலட் வரைக்கும் போயிருந்தது.

பே ஏரியா: அதே ஆய்வுல கழுவாதவங்கள்லயும் 31 சதவீதம் பேரோட சாலட்ல கிருமி இருந்ததே? அதை ஏன் விட்டுட்டீங்க?

நல்லாப் படிச்சிருக்கீங்க. உண்மைதான். கழுவலைன்னாலும் கறியைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவாம இலையைத் தொட்டா அதே கதிதான். அதனால கறி கழுவினா தப்பில்லைன்னு ஆயிடாது. கறியைத் தொடறதுக்கு முன்னாடியே பச்சையாச் சாப்பிடறதை நறுக்கி மூடி வெச்சிடணும்னுதான் ஆகும். கையை 20 வினாடி தேய்ச்சுக் கழுவுங்க.

எடிசன்: மாமியார் பக்கத்துலயே நிக்கிறாங்க. அவங்ககிட்ட ஆய்வெல்லாம் பேச முடியாது.

சரி, சமாதானத்துக்கு ஒரு வழி. சிங்க்கைக் காலி பண்ணுங்க. குழாய்க்கு நேரா பிடிக்காம, பெரிய அண்டாவுல தண்ணி நிரப்பி அதுக்குள்ள மெதுவா முக்கி எடுங்க. அப்புறம் சிங்க், மேடை, குழாய்ப்பிடி எல்லாத்தையும் சோப்பு போட்டுத் தேய்ச்சு, கிருமிநாசினியும் அடிங்க. மஞ்சளை வெண்ணெய்ல மிளகு, பூண்டு, சோம்போட குழைச்சுத் தோலுக்கு அடியில தடவுங்க. மாமியாருக்கும் திருப்தி, கறிக்கும் ருசி.

ஃபீனிக்ஸ்: எலுமிச்சம்பழம் தேய்ச்சுக் கழுவினா?

கழுவற கேள்விக்குக் கடையை மூடியாச்சு.

சிகாகோ: புதன்கிழமை சாயங்காலம்தான் வாங்கப் போறேன். ராத்திரி முழுக்க மேடையில வெச்சா உருகிடுமா?

வெளிப்பக்கம் கெட்டுப்போகும், உள்ள கல்லாட்டம் இருக்கும். கூடாது. பையில ஓட்டை இல்லாம கட்டி, பச்சைத் தண்ணியில முக்கி வைங்க. பவுண்டுக்கு அரை மணி நேரம், அரை மணிக்கு ஒரு தடவை தண்ணி மாத்தணும். 14 பவுண்டுக்கு ஏழு மணி நேரம், உருகினதும் உடனே சமைச்சிடணும். இல்லைன்னா உறையாத வான்கோழியை முன்னாடியே சொல்லி வெச்சு வாங்குங்க.

ஹூஸ்டன்: எப்ப ஃப்ரீசர்ல இருந்து எடுக்கணும்?

டாலஸ்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

பாஸ்டன்: பொண்ணு ஸ்கூல்ல கேட்டாங்களாம், முதல் விருந்துல வான்கோழி இருந்துச்சா?

1621-ல பிளிமத்துல நடந்த விருந்தைப் பத்தி, அங்க குடியேறின ஆங்கிலேயர் எட்வர்ட் வின்ஸ்லோ எழுதின கடிதத்துல பறவைகளும், பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்கள் கொண்டு வந்த அஞ்சு மானும் இருக்கு. வான்கோழின்னு பேர் சொல்லி இல்லை. 1863-ல ஜனாதிபதி லிங்கன் தேங்ஸ்கிவிங்கை நாடு முழுக்க கொண்டாடணும்னு அறிவிச்சார். நவம்பர் நாலாவது வியாழன்னு சட்டம் ஆனது 1941-ல. 1970-ல இருந்து அதே பிளிமத்துல பூர்வகுடிகள் இந்த நாளைத் துக்க நாளா அனுசரிக்கிறாங்க. அதையும் பொண்ணுக்குச் சொல்லுங்க.

ராலே: பக்கத்து வீட்டு அமெரிக்கக் குடும்பம் என்ன கொண்டு வரட்டும்னு கேக்குறாங்க. "ஒண்ணும் வேண்டாம், சும்மா வாங்க"ன்னேன். சரியா?

இனிப்புக்கு பை (pie) கொண்டு வரச் சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க. கூடவே நட்ஸ் அலர்ஜி இருக்கான்னு கேளுங்க. நம்ம குருமாவுல முந்திரி அரைச்சு ஊத்தியிருக்கிறது அவங்களுக்குத் தெரியாது.

சான் ஆன்டோனியோ: வான்கோழிக்கு எந்த ஒயின்?

வேற ஆளைப் பாருங்க தம்பி.

டாலஸ்: மறுபடி நான்தான். மிச்சக் கறியில பிரியாணி?

பேஷா. ஆனா பேச்சு சுவாரசியத்துல கறியை மேசையிலயே விட்டுடாதீங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள எலும்புல இருந்து பிரிச்சு, ஆழமில்லாத டப்பாக்கள்ல ஃப்ரிட்ஜுக்குப் போகணும். மூணு நாலு நாள் தாங்கும். ஏற்கெனவே வெந்த கறிங்கறதால மசாலாவோட வதக்காதீங்க, நாராயிடும். வெங்காயம், தக்காளி, தயிர் மசாலாவைத் தனியாச் சுண்ட வெச்சு, அரிசி முக்கால் பதம் வந்ததும் கறியை நடுவுல பரப்பி தம் போடுங்க. தொடைக்கறிதான் இதுக்கு லாயக்கு. எலும்புக்கூட்டை மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டு ரெண்டு மணி நேரம் கொதிக்க விட்டா ரசத்துக்குச் சாறு ரெடி. ட்ரேயில தேங்கின கொழுப்பை மட்டும் சிங்க்ல ஊத்தாதீங்க. டப்பாவுல ஆற வெச்சுக் குப்பையில போடுங்க, உருளைக்கிழங்குத் தோலும் அங்கதான். வெள்ளிக்கிழமை இங்க பிளம்பர் கிடைக்கிறது குதிரைக்கொம்பு.